சேலம் பெயர் தாங்கிய சிலந்தியும் குச்சிக்கிழங்கைக் காக்க வந்த குளவியும்

சிலந்தி என்றதும் நம் வீடுகளில் கை முதலில் தேடுவது ஒட்டடைக் கம்பைத்தான். தேள் என்றால் செருப்பு. உண்ணி என்றால் மண்ணெண்ணெய். இவற்றைத் தாண்டி, இச்சிற்றுயிர்கள் யாவை, எவ்விடத்தில் வாழ்கின்றன, எத்தனை வகைப்படும் என்று நின்று கேட்போர் நம்மிடையே மிகச் சிலரே. ஆயினும், ‘இது எது? இது எங்கெங்கே இருக்கிறது?’ என்னும் இரண்டே கேள்விகளை வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும் அறிஞர்கள் உலகில் உண்டு. கேட்பதற்கு எளிய கேள்விகள்தாம். ஆனால் முதற்கேள்விக்குத் தவறான விடை கிடைத்ததால் ஒரு கண்டமே சில ஆண்டுகளை வீணாக்கிற்று. சரியான விடை கிடைத்த பின்னரே அங்கே பஞ்சம் தணிந்தது. அதே கதையின் பிற்பகுதி அண்மையில் நம் சேலம், நாமக்கல் வயல்களில் நடந்தது. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

முதலில் இவ்வுயிர்களின் குலத்தைச் சற்று அறிந்துகொள்வோம். கணுக்கணுவாய் இணைந்த கால்களும், எலும்புக்குப் பதிலாக உடலுக்கு வெளியே கடினமான தோடும் உடைய உயிர்களைக் கணுக்காலிகள் என்கிறோம். நண்டு, இறால், பூரான், மரவட்டை, வண்டு, எறும்பு, பட்டாம்பூச்சி, சிலந்தி, தேள் ஆகிய யாவும் இக்குலத்தைச் சேர்ந்தவை. தோடு வளராது, உள்ளே உடல் வளரும். ஆகவே இவை அவ்வப்போது பழைய தோட்டைச் சட்டையைப் போலக் கழற்றிவிட்டுப் புதியதைப் பெறுகின்றன. கூரை மூலையில் காற்றிலாடும் ‘செத்த சிலந்தி’ பெரும்பாலும் செத்ததன்று. கழற்றிப் போட்ட சட்டையே.

இக்குலத்தில் ஆறு கால்களும், தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளும் உடையவை பூச்சிகள். எட்டுக் கால்களும் இரண்டே பகுதிகளும் உடையவை சிலந்தி வகுப்பினர். இவற்றுக்கு உணர்கொம்பு இல்லை, இறக்கையும் இல்லை. சிலந்தி, தேள், உண்ணி, பயிரின் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தி, நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கோழிச்செள் ஆகியன இவ்வகுப்பில் அடங்கும். முதல் மழை பெய்ததும் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட்டுத் துண்டைப் போல ஊர்ந்து வருமே தம்பலப்பூச்சி, அதுவும் பூச்சியன்று. எண்ணிப் பாருங்கள்: எட்டுக் கால்கள். சங்கப் புலவர்கள் இதனை மூதாய் என்று அழைத்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கார்காலத்தின் அடையாளமாக இதனை உற்றுநோக்கிய மக்களின் வழிவந்த நாம், இன்று பார்த்ததும் மிதித்துவிட்டுப் போகிறோம்!

எத்தனை வகைச் சிலந்திகள் உள்ளன என்று கேட்டால், உலகில் பெயரிடப்பட்டவற்றின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டில் 50,000ஐக் கடந்தது. இந்தியச் சிலந்திகளின் பட்டியலை 2005இல் தொகுத்தபோது 1,442 வகைகள் இருந்தன. 2012இல் மீண்டும் தொகுத்தபோது 1,686 ஆகிவிட்டன. ஏழே ஆண்டுகளில் சிலந்திகள் பெருகிவிட்டன என்பது இதன் பொருளன்று. தேடியவர்கள் பெருகினர்.

தேடுவதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் தாவித்தாவி ஈயைப் பிடிக்கும் சிறு சிலந்தி வலை பின்னுவதே இல்லை. அதன் முன்னிரு கண்கள் மோட்டார் வண்டியின் விளக்குகள் போலப் பெரியவை. வட்டமான வெண்ணிற முட்டைப் பையை அடிவயிற்றில் அணைத்தபடி இரவில் சுவரேறும் தட்டையான பெரிய சிலந்தியைக் கண்டு அலறாதோர் சிலரே. அது கரப்பான்பூச்சி வேட்டைக்காரி. தோட்டத்துச் செடிகளுக்கிடையே வட்ட வலையின் நடுவில் பெருக்கல் குறி போலத் தடித்த வெண்ணிற இழைகளைப் பின்னி அதன்மேல் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அமர்ந்திருப்பது கையெழுத்துச் சிலந்தி. மாமரத்தில் செவ்வெறும்புகளோடு எறும்பாகவே நடிக்கும் சிலந்தி ஒன்றுண்டு. முன்கால்களை உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே நடப்பதால், நூலை விட்டுத் தொங்கும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும்.

நம் வறண்ட சமவெளிக்கே உரிய விந்தை ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். வேலி முள்ளிலும் கருவேல மரக் கிளைகளிலும் அழுக்குத் துணியைச் சுற்றி வைத்தாற்போன்ற கூடுகளைப் பேருந்துச் சன்னல் வழியே எத்தனையோ முறை பார்த்திருப்போம். அது சமூகச் சிலந்தியின் கூடு. தனித்து வாழ்வதே பெரும்பாலான சிலந்திகளின் இயல்பு. ஒன்றையொன்று தின்னவும் தயங்காதவை. ஆனால் இதுவோ நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டில் வாழ்கிறது. வலையில் வெட்டுக்கிளி விழுந்தால் பலவும் ஓடிவந்து சேர்ந்து இழுக்கின்றன. குஞ்சுகளுக்குத் தாய் முதலில் தன் வயிற்றிலிருந்து உணவைக் கக்கி ஊட்டுகிறது. இறுதியில் தன் உடலையே அவற்றுக்கு உணவாக்கிவிடுகிறது. இச்சிலந்திக்கு 1892இல் ஜெர்மானிய அறிஞர் கார்ஷ் பெயரிட்டார். அப்பெயர் ஸ்டெகோடைஃபஸ் சாரசினோரம் என்பது.

இனி, சேலத்தின் பெயரையே தாங்கி நிற்கும் சிலந்திக்கு வருவோம். பழைய மரங்களின் பொந்துகளிலும், பெயர்ந்து நிற்கும் பட்டைகளின் பின்னும் பகலெல்லாம் ஒளிந்திருந்து, இருட்டியபின் வாயிலில் வந்து அமரும் பெருஞ்சிலந்தி இது. கால்களை விரித்தால் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலம். நம் கையால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. சாம்பலும் கருமையும் கலந்த இதன் உடற்கோலம் மரப்பட்டையோடு ஒன்றிப்போகும். அறிவியல் பெயர் பொயிசிலோத்தீரியா ஃபார்மோசா. ‘ஃபார்மோசா’ என்றால் இலத்தீனில் அழகி என்று பொருள். உலகெங்கும் சிலந்தி ஆர்வலர்கள் இதனை ‘சேலம் அலங்காரச் சிலந்தி’ என்றே அழைக்கின்றனர். சேலத்து மாம்பழத்தை அறிந்த ஊர்கள் பல. சேலத்துச் சிலந்தியை நம் ஊராரே அறியார் என்பது வியப்பன்றோ?

இதற்குப் பெயரிட்டவர் இலண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய போகாக் என்னும் அறிஞர், ஆண்டு 1899. சேலம் மாவட்டத்துக் ‘காடியம்பட்டி’ என்று அவர் குறித்த ஊரை, சேர்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டிய இன்றைய காடையாம்பட்டி என்றே கொள்ளத் தோன்றுகிறது. இங்கிருந்து அனுப்பப்பட்ட சிலந்தியை அவர் மேசையில் வைத்து, அளந்து, ஏனைய வகைகளோடு ஒப்பிட்டு, இது தனி வகை என்று தீர்மானித்தார். அடுத்த ஆண்டே, 1900இல், இந்தியாவின் சிலந்தி, தேள் வகைகளைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. இன்றும் இந்தியச் சிலந்தி ஆய்வாளர்கள் முதலில் புரட்டும் நூல்களுள் அதுவும் ஒன்று.

அப்படியானால் பிடித்து அனுப்பியவர்கள் யார்? இரயில்வே ஊழியர், வன அலுவலர், ஆசிரியர், குருக்கள் எனப் பலவகையினர். நம் அருட்சகோதரிகளுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று இங்கே உண்டு. 1885இல் பிரெஞ்சு அறிஞர் யூஜின் சிமோன் தென்னிந்தியச் சிலந்திகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் ஒரு பகுதி முழுவதும் இராமநாதபுரத்தில் ஃபாப்ர் என்னும் குருவானவர் சேகரித்த சிலந்திகளைப் பற்றியது. (பூச்சிகளைப் பற்றி அழகிய நூல்கள் எழுதிய ஃபாப்ர் வேறு, அவர் குருவானவர் அல்லர்.) மறையுரைக்கும் நோயாளிச் சந்திப்புக்கும் இடையே அவர் சாராயக் குப்பியும் கையுமாய்ப் பனங்காட்டில் குனிந்து தேடுவதைக் கண்ட ஊரார் என்ன நினைத்திருப்பார்களோ!

அவ்வாறு சேகரிப்பதிலும் முறை உண்டு. ஒரு கண்ணாடித் தம்ளரை அதன் விளிம்பு தரைமட்டத்தோடு சேருமாறு மண்ணில் புதைத்துவிட்டால், இரவில் தரையில் ஓடுபவை தாமே விழும். புதருக்கடியில் குடையைத் தலைகீழாக விரித்துக் கிளையைத் தட்டினால் இலைகளில் இருப்பவை உதிரும். இரவில் நெற்றிக்கருகே டார்ச் விளக்கைப் பிடித்துப் புல்வெளியைப் பார்த்தால் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் பனித்துளி போல மின்னும். பிடித்தவற்றைச் சாராயத்தில் இட்டு, கூடவே ஒரு சீட்டையும் இடுவர்: ஊர், நாள், எந்த மரம் அல்லது தரை, பிடித்தவர் பெயர். இச்சீட்டு இல்லாத சிலந்தி எவ்வளவு அரியதாயினும் பயனற்றது. முகவரி இல்லாத கடிதத்தைத் தபால்காரர் என்ன செய்வார்?

பெயரைத் துணிவது அதைவிடக் கடினம். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. குஞ்சுகளைக் கொண்டும் பெரும்பாலும் கூற இயலாது. முழு வளர்ச்சியடைந்த ஆணின் முகக்கைகளின் நுனியையும், பெண்ணின் அடிவயிற்றிலுள்ள சிறு தகட்டையும் நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தே முடிவு செய்வர். நம் நாட்டில் இப்பணியைப் பெரிதும் வளர்த்தவர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டிக்காதர். 1916இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் அவர் விளங்கினார். 1980 முதல் அவர் எழுதிய தொகுதிகளும், 1987இல் வெளிவந்த சிலந்திக் கையேடும் பல கல்லூரி மாணவர்களை இத்துறைக்கு இழுத்துவந்தன.

சேலத்துச் சிலந்தியின் உறவினர் ஒருவரின் கதையைக் கேட்டால் ‘எங்கே இருக்கிறது’ என்ற இரண்டாம் கேள்வியின் அருமை விளங்கும். அதே 1899இல் போகாக் நீல நிறமான மற்றொரு வகைக்கும் பெயரிட்டார். அது கிடைத்த இடம் ஆந்திரத்துக் குத்தி இரயில் நிலையத்தின் மரக்கட்டைக் கிடங்கு. அதன்பின் அச்சிலந்தியை ஒருவரும் காணவில்லை. குத்தியில் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். 102 ஆண்டுகள் கழித்து, 2001இல், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நாளில் வெட்டிய மரத்தோடு சேர்ந்து இரயிலேறிக் குத்திக்கு வந்திருக்கிறது என்றே அறிஞர் கருதுகின்றனர். சீட்டில் எழுதிய ஊர் அது ஏறிவந்த ஊர் அன்று, இறங்கிய ஊர்!

இப்பேரினத்தில் ஏறத்தாழ பதினைந்து வகைகள் உள்ளன. இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இவை இயற்கையில் இல்லை. ஒன்று அரக்கோணத்திலிருந்து பெயரிடப்பட்டது. ஒன்று இராமேசுவரம் தீவில் கண்டறியப்பட்டது. 2004இல் பெயர் பெற்றது. இலங்கையின் வடக்கே மாங்குளம் பகுதியில் கிடைத்த ஒன்றுக்கு 2013இல், தேடலில் துணைநின்ற காவல் அதிகாரி ஒருவரின் பெயரைச் சூட்டினர்.

இவையெல்லாம் இன்று இக்கட்டில் உள்ளன. பொந்து விழுந்த மரமே இவற்றின் வீடு. நாமோ பொந்து விழுந்த மரத்தைத்தான் முதலில் வெட்டுகிறோம். சாலையை அகலப்படுத்தும்போது வீழும் பழம்புளிகளுடன் எத்தனை குடும்பங்கள் போகின்றனவோ! மற்றொரு தீங்கும் உண்டு. வெளிநாடுகளில் இவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்போர் பலர். அவர்களுக்காகக் கடத்துவோரும் உளர். கோவையிலுள்ள வனவிலங்கு ஆர்வ அமைப்புகளின் ஆய்வாளர்கள் தென்னிந்தியாவெங்கும் தேடிக் கணக்கெடுத்ததன் பயனாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேலத்துச் சிலந்தி அழியும் நிலையில் உள்ளவற்றுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. குத்திச் சிலந்தியின் நிலை அதனினும் மோசம். 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டீஸ் மாநாடு இப்பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அனுமதிச் சீட்டின்றி இப்போது இவற்றை நாடு விட்டு நாடு கொண்டுபோக இயலாது. பெயரும் ஊரும் தெரிந்திராவிட்டால் எதைக் காப்பாற்றுவது என்று சட்டத்தில் எழுதியிருக்க முடியுமா? கடித்தால் இறப்பு நேர்வதில்லை எனினும் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும்; எனவே பொந்துக்குள் விரலை விட்டுப் பார்க்கும் வீரம் வேண்டாம்.

விரல் என்றதும் தேள் நினைவுக்கு வருகிறது. பெற்றோர் இப்பகுதியைச் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். நட்டுவாக்காலி எனப்படும் பெரிய கருந்தேளைக் கண்டால் ஊரே கூடிவிடும். இவ்வினத்தில் மிகப் பெரியது 20 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். உலகின் மிகப் பெரிய தேள்களுள் ஒன்று. ஆனால் அஞ்சத்தக்கது அதுவன்று. விரல் நீளமே உள்ள செந்தேள்தான் உயிருக்கு ஆபத்தானது. கொடுக்குக் கைகள் பருத்து வால் மெலிந்திருந்தால் நஞ்சு பெரும்பாலும் குறைவு. கைகள் மெலிந்து வால் பருத்திருந்தால் எச்சரிக்கை என்பது பொதுவிதி. செந்தேளுக்கு டென்மார்க் அறிஞர் ஃபாப்ரிசியஸ் 1798இல் இட்ட பெயர் தமுலுஸ். ஆம், நம் தமிழின் பெயர்தான்! இதைவிட நல்ல உயிர் ஒன்றுக்கு அப்பெயரை வைத்திருக்கலாம் என்று எங்களுள் சிலர் குறைபட்டுக்கொண்டோம்.

இச்செந்தேள் கொட்டினால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இதயமும் நுரையீரலும் பாதிக்கப்படும். முன்பு கடுமையாகத் தாக்குண்டவர்களில் 100க்கு 40 பேர் வரை இறந்த காலம் உண்டு. மகாராட்டிர மாநிலம் மஹாட் என்னும் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரையே இதற்கு ஏற்றது என்று 1980களில் நிறுவினார். அதன்பின் இறப்பு 100க்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. தேள் கொட்டினால் மந்திரிப்பதில் பொழுதைப் போக்காமல் நேரே மருத்துவமனைக்குச் செல்வதும், கொட்டியது செந்தேளா கருந்தேளா என்று மருத்துவரிடம் சொல்வதும் நல்லது.

இப்போது குச்சிக்கிழங்குக் கதைக்கு வருகிறோம். பிற மாவட்டத்தார் மரவள்ளி என்பதை நாம் குச்சிக்கிழங்கு என்கிறோம். ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் பக்கங்களில் குச்சிக்காடு இல்லாத ஊர் அரிது. கிழங்கு சேகோ ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. இதை விற்றுக்கொடுப்பதற்கென்றே 1981இல் சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நம் பள்ளியிலும் குச்சிக்கிழங்குப் பணத்தில் கட்டணம் செலுத்தும் குடும்பங்கள் பல உண்டு.

இக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்கா. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்தது. வந்தபோது அதன் பூச்சிகள் உடன்வரவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஒரு மாவுப்பூச்சி எவ்வாறோ ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியை அடைந்தது. ஆறு கால்களும் வெண்மாவு பூசிய உடலும் உடைய சிறு பூச்சி அது. அதில் ஆணே இல்லை. பெண் ஒன்று தனித்தே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். உச்சிக் குருத்தின் சாற்றை உறிஞ்சுவதால் இலைகள் சுருண்டு, கணுக்கள் நெருங்கி, நுனி ஒரு கொத்தாக முடிந்துவிடும், கிழங்கு பருக்காது. ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 20 கோடி மக்களின் அன்றாட உணவு அக்கிழங்கே. பஞ்சம் வாசலில் வந்து நின்றது.

1977இல் பிரெஞ்சு அறிஞர் மத்தீல் ஃபெரேரோ அம்மையார் அப்பூச்சிக்கு ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிட்டார். கிழங்கின் தாயகத்தில் இப்பூச்சி அடங்கிக் கிடக்கிறதென்றால், அங்கே இதற்கொரு பகைவன் இருக்கவேண்டும் என்று ஆய்வாளர் எண்ணினர். தென் அமெரிக்காவின் வடபகுதியில் தேடினர். மரவள்ளியில் அதேபோன்ற மாவுப்பூச்சி கிடைத்தது! அதனைத் தின்னும் ஒட்டுண்ணிகளையும் பிடித்தனர். ஆனால் அவற்றை ஆப்பிரிக்கப் பூச்சியிடம் விட்டபோது, அவை அதனைத் தொடவில்லை.

என்ன காரணம்? இலண்டன் அருங்காட்சியகத்தில் காக்ஸ் அம்மையாரும் வில்லியம்ஸ் என்பவரும் இருவகைப் பூச்சிகளையும் நுண்பெருக்கியில் வைத்து நுணுகி ஆராய்ந்தனர். இரண்டும் ஒன்றல்ல. ஆப்பிரிக்காவில் இருப்பது இளஞ்சிவப்பு நிறமுடையது, ஆணற்றது. வட தென் அமெரிக்காவில் கிடைத்தது மஞ்சள் நிறமுடையது, ஆணும் உடையது. 1981இல் இரண்டாவதற்கு வேறு பெயர் சூட்டினர். தேடியவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். தேடிய இடமே தவறு. அதே 1981இல் பராகுவே நாட்டில் உண்மையான பூச்சி கிடைத்தது. அதனுடன் அதன் பகைவனும் கிடைத்தது. அனகைரஸ் லோபெசி எனப்படும் குளவி அது, எள்ளைவிடச் சிறியது.

இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிந்த புழு மாவுப்பூச்சியைத் தின்று வளரும். மாவுப்பூச்சி உலர்ந்து பழுப்பு நிறக் கூடாகிவிடும். இரண்டு மூன்று வாரங்களில் கூட்டில் வட்டமாகத் துளையிட்டுப் புதிய குளவி வெளிவரும். உடனே அடுத்த மாவுப்பூச்சியைத் தேடிப் புறப்படும். மனிதரைக் கொட்டாது; பயிரைத் தொடாது. இலண்டனில் தனிமைப்படுத்திச் சோதித்தபின் 1981 இறுதியில் நைஜீரியாவின் இபாதான் நகரருகே இதனை வயலில் விட்டனர். சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெரன் இப்பணியை முன்னின்று நடத்தினார். பிற்காலத்தில் விமானத்திலிருந்தும் குளவிகளைத் தூவினர். ஆப்பிரிக்காவின் மரவள்ளி மண்டலமெங்கும் குளவி பரவிற்று, மாவுப்பூச்சி அடங்கிற்று. 1995இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

மாவுப்பூச்சியோ கடல் கடந்து 2008இல் தாய்லாந்தை எட்டியது. அங்கும் மறு ஆண்டே குளவியை வரவழைத்தனர். 2020இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் முதன்முறையாக இந்தியாவில் அது காணப்பட்டது. விரைவில் நம் குச்சிக்காடுகளிலும் நுனிகள் முடிச்சாகத் தொடங்கின. விதைக்குச்சிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும் வழக்கம் அதற்குத் துணைபோயிற்று. நம் உழவர்கள் முதலில் திகைத்தது இயல்பே. ஏனெனில் மாவுப்பூச்சி அவர்களுக்குப் புதிதன்று. 2008இல் கோவைப் பக்கம் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் வாட்டியபோது, 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வேறொரு குளவியை வரவழைத்து அதனை அடக்கினர். அக்குளவி இப்புதிய பூச்சிக்கு உதவாது. பப்பாளிப் பூச்சி மஞ்சள், இது இளஞ்சிவப்பு. மாவைத் துடைத்துப் பார்த்தால் தெரியும். ஆப்பிரிக்காவில் ஆண்டுகளை விழுங்கிய அதே குழப்பம் இங்கே நேராமற் போனதற்குக் காரணம், பூச்சியின் சரியான பெயர் இம்முறை முதலிலேயே தெரிந்திருந்ததுதான்.

பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் வள மையம், 2021இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசியை வரவழைத்தது. வேறு நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தீங்கு வருமா என்று அடைத்து வைத்துச் சோதித்தபின், 2022 மார்ச் 7ஆம் நாள் முதன்முதலாக வயலில் விட்டனர். எங்கே தெரியுமா? நம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்! பராகுவேயில் புறப்பட்ட குளவியின் வழித்தோன்றல்கள் இலண்டன், நைஜீரியா, பெனின், பெங்களூர் எனச் சுற்றி ஏத்தாப்பூர் வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆயின. விட்ட இடங்களில் குளவி நிலைகொண்டு மாவுப்பூச்சியைக் குறைத்து வருவதாக ஆய்வாளர் தெரிவித்துள்ளனர்.

குளவி வேலை செய்ய வேண்டுமாயின் நாம் ஒன்றைச் செய்யாதிருக்க வேண்டும்: கண்டபடி மருந்தடிப்பது. பூச்சிமருந்து மாவுப்பூச்சியைக் காட்டிலும் குளவியை எளிதில் கொல்லும். மாவு மாவுப்பூச்சிக்குக் குடை. சிலந்திகளும் அப்படியே மடியும். உலகச் சிலந்திகள் யாவும் சேர்ந்து ஓர் ஆண்டில் 40 முதல் 80 கோடி டன் வரை பூச்சிகளையும் பிற சிற்றுயிர்களையும் தின்கின்றன என்று 2017இல் நைஃபெலர், பிர்க்கோஃபர் என்ற இருவர் கணக்கிட்டுள்ளனர். சம்பளம் கேட்காத இவ்வேலையாட்களை நாமே காசு கொடுத்து மருந்து வாங்கிக் கொல்வது என்ன கணக்கோ!

விடுமுறையில் இதனை முயன்று பார்க்க விரும்பும் மாணவியர்க்குச் சில குறிப்புகள். உயிரைக் கொல்ல வேண்டியதில்லை; கைப்பேசிப் படமே போதும். சிலந்தியை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுங்கள். வலை இருந்தால் அதையும் எடுங்கள். தேளையும் பெருஞ்சிலந்தியையும் தொடாதீர்கள். இருட்டில் போவதானால் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். காலில் செருப்பு இருக்கட்டும். குச்சிக்காட்டில் நுனி முடிச்சிட்ட செடியைக் கண்டால் மாவைத் துடைத்து நிறத்தைப் பாருங்கள். பழுப்பேறிய கூடுகள் இருந்தால் அவற்றில் வட்டத் துளை உள்ளதா என்று பாருங்கள். துளை இருந்தால் குளவி உங்கள் ஊருக்கு வந்துவிட்டது. அன்றே, மறப்பதற்குமுன், நோட்டில் எழுதுங்கள்: ஊர், நாள், நேரம், எந்த மரம் அல்லது பயிர், பார்த்தவர் பெயர். காடையாம்பட்டிப் பக்கத்து மாணவியர் தங்கள் ஊர்ப் பழம்புளிகளின் பொந்துகளையும் இரவில் தூரத்திலிருந்தே விளக்கடித்துப் பார்த்து எழுதி வந்தால், பள்ளி திறந்ததும் எங்களிடம் கொடுக்கலாம். உயிரியல் ஆய்வுக்கூடத்தில் அதற்கென்று ஒரு நோட்டு திறந்து வைத்திருக்கிறோம்.